கரிசல் மானாவாரியில் முடிவெடுத்தல்

தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் காட்டில் கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரச் சிறு உழவர்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியே மானாவாரி வெள்ளாமை செய்கிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையே இவர்களின் முதல். ஆனி, ஆடியிலேயே பயிரைத் தீர்மானித்தாலும், மழையின் போக்கைப் பார்த்து அறுப்புவரை அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள்.

எல்லாவற்றிலும் கடினமான முடிவு விதைக்கும் நாள். கரிசல் மண் நனைந்துவிட்டால் சேறாகி ஒட்டும்; மாடோ டிராக்டரோ உள்ளே இறங்கப் பல நாள் ஆகும். அதற்குள் ஈரம் வீணாகும். ஆகவே புரட்டாசியிலேயே, மழைக்கு முன்பாகக் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு செய்கிறார்கள். இதில் பயப்பட வேண்டியது இடையில் வரும் சிறுதூறல். அதை நம்பி விதை முளைத்து, அடுத்த மழை தள்ளிப்போனால் பயிர் கருகிவிடும். விதைக்காசும் உழவுக்கூலியும் போய்விடும். இதற்காகவே சோளத்தை 5 செ.மீ. ஆழத்தில் விதைக்கிறார்கள். மேல்மண்ணை மட்டும் நனைக்கும் தூறல் அவ்வளவு ஆழம் இறங்காது. மண்ணை ஆழமாக நனைக்கும் உழவு மழை பெய்தால்தான் விதை முளைக்கும். சோள விதையைப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டின் 2 சதவீதக் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தும் முறையை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. வறட்சியைத் தாங்கும் திறன் இதனால் கூடும்.

மழை பிந்தினால் பருத்தியை விட்டுக் குறுகிய காலப் பயிரான உளுந்து, பாசிப்பயறுக்கு மாறுவார்கள். இன்னும் பிந்தினால் மண்ணின் ஈரத்திலேயே விளையும் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் கைகொடுக்கும். கதிர் பிடிக்காத சோளம் மாட்டுத் தீவனமாகிறது. இங்கும் கவனம் வேண்டும்: வறட்சியில் வாடிய இளம்பயிரில் சயனைடு நஞ்சு கூடும் என்பதால், அதில் மாட்டை மேயவிட மாட்டார்கள்.

கோழித்தீவனத் தேவையும் ஆள் பற்றாக்குறையும் பலரை மக்காச்சோளத்துக்கு இழுத்தன. 2018இல் வந்த படைப்புழு அந்தக் கணக்கைக் குலைத்தது. மருந்துச் செலவையும் சேர்த்தே இப்போது பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. ஆட்டுக்கிடை வருமானமும் தீப்பெட்டி ஆலைக் கூலியும் இருக்கும் வீடு இத்தகைய இழப்பைத் தாங்கி மறுபடி விதைக்க முடியும். அவை இல்லாத வீடு கடனுக்குப் போகும்.

2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பரவலான வறட்சிக்கு இழப்பீட்டை அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சலை வைத்தே முடிவுசெய்கிறது. தன் புஞ்சை மட்டும் பொய்த்தவருக்கு இதில் எதுவும் கிடைக்காமல் போகலாம். ஒரு பயிர் பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்று ஊடுபயிராக உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கும் பழக்கத்தை விடாத உழவர்களின் முடிவு அதனாலேயே நியாயமானது.