சதுர அடி என்ற மாயக்கணக்கு

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006ல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது. தொழிற்சாலைகளின் பின்னாலேயே மண்ணூர் போன்ற சுற்றுக் கிராமங்களுக்கு மனை, வீட்டு விளம்பரங்களும் வந்தன.

விளம்பரத்தில் இருந்த சதுர அடி, வீட்டுக்குள் இருந்ததில்லை! படிக்கட்டு, லிஃப்ட், பொதுவழி எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்து 'சூப்பர் பில்ட்-அப்' என்றார்கள். இதற்குச் சட்டத்தில் வரையறையே கிடையாது. அறைக்கணக்கும் அப்படித்தான். சுவரோடு சேர்த்து 10க்கு 10 என்று சொன்ன அறையில் இரண்டு பக்கமும் 9 அங்குலச் சுவரைக் கழித்தால் எட்டரைக்கு எட்டரைதான் மிச்சம். அதாவது 100 சதுர அடி 72 ஆகிவிடும். கட்டில் போட்டால் பீரோவுக்கு இடமிருக்காது.

2016ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா) 'கார்பெட் ஏரியா' என்பதை வரையறுத்தது. வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது, உள்சுவர் சேரும். 12வது பிரிவின்படி, பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் விலகிக்கொண்டால் வட்டியோடு திரும்பப் பெறலாம். தமிழ்நாட்டு விதிகள் 2017ல் வந்தன.

ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், 8 வீடுகளுக்கு மேற்படாத கட்டடம் ஆகியவற்றுக்குப் பதிவு கட்டாயமில்லை. அங்கே டேப்பைப் பிடித்து, சுவருக்குச் சுவர் உள்ளளவு எடுத்துத்தான் பார்க்கவேண்டும்.