கப்பற்படையைக் காப்பாற்றிய பார்லி

பார்லி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காய்ச்சல் கஞ்சிதான். நீர்க்கடுப்பு என்றாலும், கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கால் வீங்கினாலும் வீட்டுப் பெரியவர்கள் பார்லித் தண்ணீர் வைத்துக் கொடுப்பார்கள். உடம்பு சரியானதும் பொட்டலம் மறுபடி அலமாரியின் மூலைக்குப் போய்விடும். இப்படி நோயாளி உணவாக மட்டுமே நாம் அறிந்திருக்கும் இந்தத் தானியம், ஒரு நாட்டின் கடற்படையையே சாவிலிருந்து மீட்டது என்றால் நம்ப முடிகிறதா? அதே நாட்டின் தரைப்படைத் தலைமை அதை ஒதுக்கி வைத்ததால் பல்லாயிரம் வீரர்கள் மாண்டார்கள் என்பது அதைவிட வியப்பான செய்தி. அந்த நாடு ஜப்பான்.

வெள்ளைச் சோறு என்னும் கௌரவம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜப்பானில் 'கக்கே' என்ற நோய் பரவலாக இருந்தது. இன்று நாம் பெரிபெரி என்று சொல்வது இதைத்தான். முதலில் கால்கள் மரத்துப் போகும், பிறகு வீங்கும், நடை தள்ளாடும். முற்றினால் இதயம் நின்றுவிடும்.

இந்த நோய்க்கு 'எடோ நோய்' என்றும் ஒரு பெயர் உண்டு. எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். கிராமங்களிலிருந்து அங்கே போனவர்களுக்கு நோய் வரும், ஊர் திரும்பினால் தானாகவே குணமாகும்! காரணம் சாப்பாட்டில் இருந்தது. கிராமத்து ஏழைகள் அரிசியோடு பார்லியும் சிறுதானியங்களும் கலந்து உண்டார்கள். நகரத்திலோ நன்றாகத் தீட்டிய வெள்ளரிசிச் சோறு. ஆனால் அன்று யாருக்கும் இது புரியவில்லை. வெள்ளைச் சோறு வசதியின் அடையாளம், பார்லிச் சோறு வறுமையின் அடையாளம் என்பதே மக்கள் எண்ணம். படையில் சேர்ந்தால் தினமும் வெள்ளைச் சோறு கிடைக்கும் என்பது ஏழை வீட்டு இளைஞர்களுக்குப் பெரிய கவர்ச்சியாக இருந்தது.

தகாகியின் கணக்கு

தகாகி கனெஹிரோ 1849இல் பிறந்த கடற்படை மருத்துவர். 1875 முதல் 1880 வரை லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் படித்துவிட்டு நாடு திரும்பினார். அப்போது ஜப்பானியக் கடற்படையில் ஆண்டுதோறும் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் பெரிபெரியால் பாதிக்கப்பட்டுக் கொண்டிருந்தார்கள். லண்டனில் படித்த காலத்தில் தகாகி இந்த நோயையே பார்த்ததில்லை. அது அவரை யோசிக்க வைத்தது.

அவர் நோயாளிகளின் பட்டியலை எடுத்து ஆராய்ந்தார். அதிகாரிகளுக்கு நோய் குறைவு, சாதாரண மாலுமிகளுக்கு அதிகம். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே காற்று. வேறுபட்டது உணவு மட்டுமே. மாலுமிகளுக்குச் சாப்பாட்டுப் படி பணமாகக் கொடுக்கப்பட்டது. அவர்கள் காய்கறி, மீன் ஆகியவற்றுக்குச் செலவு செய்யாமல், வெறும் சோற்றில் வயிற்றை நிரப்பிக்கொண்டு, மிச்சப் பணத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்காகச் செய்த அந்தச் சிக்கனம் அவர்கள் உயிருக்கே உலை வைத்தது!

1882 இறுதியில் 'ரியூஜோ' என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் வழியாக நீண்ட பயணம் புறப்பட்டது. கப்பலில் இருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி வந்தது. 25 பேர் இறந்தார்கள். இதையே தகாகி தன் சோதனைக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டார். 1884இல் 'ட்சுகுபா' என்ற மற்றொரு கப்பலை ஏறக்குறைய அதே பாதையில் அனுப்ப வைத்தார். மாற்றியது உணவை மட்டும். அரிசியைக் குறைத்து ரொட்டி, இறைச்சி, பால், காய்கறி ஆகியவற்றைச் சேர்த்தார். இந்த முறை பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. நோய் கண்ட சிலரும் புதிய உணவைச் சரியாக உண்ணாதவர்களே என்று தெரிய வந்தது.

ஆனால் ரொட்டியும் இறைச்சியும் மாலுமிகளுக்குப் பிடிக்கவில்லை. செலவும் அதிகம். எனவே தகாகி 1885இல் ஒரு மலிவான வழியைக் கண்டார். அரிசியோடு பார்லியைக் கலந்து சோறாக்குவதுதான் அது. பலன் உடனே தெரிந்தது. 1884இல் 718 ஆக இருந்த கடற்படை நோயாளிகளின் எண்ணிக்கை 1885இல் 41 ஆகக் குறைந்தது. அதன் பிறகு கடற்படையில் பெரிபெரி கிட்டத்தட்ட மறைந்தே போனது எனலாம்.

கைதிக்குக் கிடைத்தது வீரனுக்குக் கிடைக்கவில்லை

தரைப்படையின் கதை வேறு. அதன் மருத்துவத் தலைவர்களான இஷிகுரோ தடனோரி, புகழ்பெற்ற எழுத்தாளருமான மோரி ஓகாய் போன்றோர் ஜெர்மானிய மருத்துவ முறையைப் பின்பற்றியவர்கள். அது கிருமிகளை வரிசையாகக் கண்டுபிடித்துக் கொண்டிருந்த காலம். பெரிபெரிக்கும் ஒரு கிருமிதான் காரணமாக இருக்கும் என்பது அந்த வட்டாரத்தின் நம்பிக்கை. பார்லி எப்படி நோயைத் தடுக்கிறது என்று தகாகியால் சரியாக விளக்க முடியவில்லை. எனவே ஆதாரம் இல்லாத கருத்து என்று அதை ஒதுக்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது சிறைகளில் செலவைக் குறைப்பதற்காகக் கைதிகளுக்குப் பார்லி கலந்த சோறு போடத் தொடங்கியிருந்தார்கள். அங்கே பெரிபெரி குறைந்தது. இதைக் கேள்விப்பட்ட ஒசாகா படைப்பிரிவின் மருத்துவர் ஒருவர் தன் வீரர்களுக்கும் பார்லி கொடுத்து வெற்றி கண்டார். வேறு சில பிரிவுகளும் அவரைப் பின்பற்றின. ஆனாலும் போர் வந்தபோது மேலிடம் போர்க்களத்துக்கு அனுப்பியது வெள்ளரிசியைத்தான்.

அதன் விலை மிகப் பெரியது. 1904-05 ரஷ்ய ஜப்பானியப் போரில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான தரைப்படை வீரர்கள் பெரிபெரிக்கு ஆளானார்கள். ஏறத்தாழ 27,000 பேர் அதனாலேயே இறந்தார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1905 மார்ச்சில்தான் தரைப்படை அமைச்சர் தெராவுச்சி பார்லியைச் சேர்க்க உத்தரவிட்டார். அதே 1905இல் தகாகிக்குப் 'பிரபு' பட்டம் கிடைத்தது. மக்கள் அவரைப் 'பார்லி பிரபு' என்று செல்லமாக அழைத்தார்கள்.

விளக்கம் தவறு, உணவு சரி

உணவில் புரதம் குறைவதே நோய்க்குக் காரணம் என்று தகாகி கருதினார். அது தவறு. உண்மைக் காரணம் பி1 வைட்டமின் என்னும் தயமின் குறைவு. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு இது போய்விடுகிறது. தவிட்டில் நோயைத் தடுக்கும் பொருள் இருப்பதை 1910இல் சுசுகி உமெதாரோ என்ற ஜப்பானியர் கண்டறிந்தார். 'வைட்டமின்' என்ற சொல் வழக்குக்கு வந்தது 1912இல். தீட்டிய பார்லியில்கூட வெள்ளரிசியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தயமின் உண்டு. பார்லிச் சோறு உயிர் காத்த ரகசியம் இதுதான்.

தமிழர்களுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மலாயாவில் வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு நோய் வரவில்லை. பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஜப்பானியருக்குப் பார்லி செய்ததை நம்மவர்களுக்குப் புழுங்கல் செய்திருக்கிறது!

இன்றைக்குப் பார்லி

இவ்வளவு நடந்த பிறகும் பார்லியின் மேல் ஒட்டிய ஏழ்மை முத்திரை எளிதில் அழியவில்லை. 1950இல் ஜப்பானிய நிதியமைச்சர் இகேதா ஹயாத்தோ, வருமானம் குறைந்தவர்கள் பார்லியை அதிகம் உண்பதே பொருளாதார விதிக்கு ஏற்றது என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் பேசப்போய், நாடே கொதித்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. பார்லியில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து உள்ளது. இது ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவுகிறது. சாப்பிட்டபின் சர்க்கரை சட்டென்று ஏறுவதையும் மட்டுப்படுத்துகிறது. அன்றாடம் 3 கிராம் பீட்டா குளுக்கன் தரும் அளவுக்குப் பார்லி உண்டால் இதயநோய் ஆபத்து குறையலாம் என்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் அனுமதித்தது. இந்த நார்ச்சத்து தவிட்டில் மட்டும் இல்லாமல் மணி முழுவதும் பரவியிருப்பதால், தீட்டிய பார்லியிலும் பெருமளவு மிஞ்சுகிறது.

இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. பார்லியை வேகவைத்து, வடிகட்டிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மணிகளைக் கொட்டிவிட்டால் நார்ச்சத்தில் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும். அடுத்து, பார்லியில் குளூட்டன் உண்டு. குளூட்டன் ஒவ்வாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

விளக்கம் தெரியும்வரை காத்திருப்போம் என்றவர்கள் 27,000 உயிர்களை இழந்தார்கள். விளக்கம் தவறானாலும் கண்ணெதிரே தெரிந்த கணக்கை நம்பியவர் ஒரு கடற்படையைக் காப்பாற்றினார். அடுத்த முறை நம் வீட்டில் பார்லிக் கஞ்சி வைக்கும்போது, 'இது நோயாளி சாப்பாடு' என்று முகம் சுளிக்காமல் ஒரு டம்ளர் குடித்துப் பார்க்கலாமே!