34 அங்குலம் என்னும் நியமம்: ‘குட்டை’ பேஸ் கிதாரின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

ஒன்றைக் குட்டை என்று சொன்னால் எதைவிடக் குட்டை என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டால் நெட்டை இயல்பு, குட்டை குறை என்கிற தீர்ப்பு சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். இசைக்கருவிக் கடைகளில் ‘ஷார்ட் ஸ்கேல்’ பேஸ் கிதார் என்று புழங்கும் பெயரை இந்தச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டியிருக்கிறது. ‘ஒரு கருவியோட நீளத்துல என்னங்க அரசியல்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அளவு ஒருபோதும் தானாக வருவதில்லை, அளக்கிறவரோடு சேர்ந்துதான் வருகிறது என்பதே அதற்குப் பதில்.

முதலில் கருவி. இளையராஜாவின் பாடல்களில், பாடுகிறவருக்கும் தாளத்துக்கும் கீழே தனக்கென்று ஒரு பாட்டைப் பின்னிக்கொண்டு ஓடுகிறதே ஒரு தடித்த குரல், அதுதான் பேஸ் கிதார். பெரும்பாலும் நாலு கம்பி. கழுத்தின் தலைமாட்டில் ‘நட்’ என்றொரு சின்னக் கட்டை. உடலின் மறுபக்கத்தில் குதிரை. இந்த இரண்டுக்கும் நடுவில் அதிரும் கம்பியின் நீளத்தைத்தான் ஸ்கேல் என்கிறார்கள். கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளை நம் வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள், கம்பியை முறுக்கும் ஆணியைப் பிரடை என்பார்கள். இங்கும் அந்தச் சொற்களையே வைத்துக்கொள்வோம். 34 அங்குலம் என்றால் ‘முழு’ ஸ்கேல். 30, முப்பதரை அங்குலம் என்றால் ‘குட்டை’. இதுதான் சந்தையின் அகராதி.

ஆனால் இந்தக் கருவி எதன் இடத்தைப் பிடித்ததோ, அந்த டபுள் பேஸில் அதிரும் கம்பியின் நீளம் ஏறத்தாழ 41, 42 அங்குலம். ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த மரப்பெட்டியோடு ஒப்பிட்டால் 34 அங்குலமே குட்டைதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1936 வாக்கில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பால் டுட்மார்க் என்பவர் ‘ஆடியோவாக்ஸ் 736’ என்றொரு கருவியைச் செய்து விற்றார். கட்டை உடல், கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கலாம், கழுத்தில் மெட்டுகள், மின்சாரத்தில் ஒலி: இன்றைய பேஸ் கிதாரின் எல்லா லட்சணமும் அதில் இருந்தது. அதன் ஸ்கேல் 30 அங்குலத்தைச் சற்றே தாண்டியது. அது பரவவில்லை, வரலாற்றில் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிட்டது. ஆக, குட்டை என்று இன்று சொல்லப்படுவது முழு அளவிலிருந்து வெட்டிச் சிறிதாக்கிய ஒன்றல்ல. அது முன்னாடியே இருந்தது. நெட்டை பிறகு வந்து தன்னை நியமமாக்கிக்கொண்ட பிறகே அதற்குக் ‘குட்டை’ என்ற பெயர் கிடைத்தது.

2

1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரத்திலிருந்து லியோ ஃபெண்டரின் ‘பிரிசிஷன் பேஸ்’ வெளிவந்தது. ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். ‘பிரிசிஷன்’, அதாவது துல்லியம் என்ற பெயரே அவர் எதை விற்றார் என்பதைச் சொல்லிவிடுகிறது. டபுள் பேஸில் சுரம் எங்கே இருக்கிறது என்பதைக் காதும் கையும் பல வருஷம் பழகித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெட்டு பதித்த கழுத்தில் விரலை வைத்தால் சுரம் தயார். அதன் ஸ்கேல் 34 அங்குலம். இது இயற்கை விதித்ததல்ல. கம்பியின் விறைப்பு, விரல் எட்டும் தூரம், கருவியின் எடை எல்லாவற்றையும் வைத்துச் செய்த ஒரு சமரசம். நல்ல சமரசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பட்டறையில் செய்த சமரசம் எப்படி விதியாகிறது என்பதுதான் கேள்வி.

கழுத்து 34 என்றானதும் கம்பி செய்கிறவர்கள் 34-க்குச் செய்தார்கள். பெட்டி செய்கிறவர்கள் அதற்கேற்பப் பெட்டி செய்தார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் அந்தக் கழுத்தை வைத்தே விரல் வைக்கும் முறையை வகுத்தார்கள். 1953-இலேயே வயலின் வடிவ உடலும் முப்பதரை அங்குல ஸ்கேலும் கொண்ட மின் பேஸைக் கொண்டுவந்த கிப்சன் நிறுவனம், பத்து வருஷம் கழித்து 1963-இல் ‘தண்டர்பேர்ட்’ பேஸை 34 அங்குலத்தில் செய்தது. போட்டியாளரின் அளவுகோலைப் போட்டியாளரே கையில் எடுத்துக்கொண்ட தருணம் அது. நியமம் உறுதிப்படுவது இப்படித்தான். யாரும் சட்டம் போடவில்லை.

மிஷெல் ஃபூக்கோ 1975-இல் வெளிவந்த தண்டனை வரலாற்று நூலில், படைவீரனின் உடலும் துப்பாக்கியும் எப்படி அங்கம் அங்கமாக ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன என்பதை விவரிக்கிறார். எந்தக் கை எங்கே, எந்த விரல் எதன் மேல், எத்தனை எண்ணிக்கைக்குள். அங்கே கருவிக்கேற்ற உடல் தயாரிக்கப்படுகிறது. இசைக்கருவியையும் இந்தக் கோணத்தில் பார்க்க முடியும். 34 அங்குல பேஸில் ஆட்காட்டி விரலை முதல் மெட்டிலும் சுண்டுவிரலை நாலாவது மெட்டிலும் வைத்தால் இடையே சுமார் 13 சென்டிமீட்டர். 30 அங்குலத்தில் சுமார் பதினொன்றரை. ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மூணு மணி நேரம் நின்று வாசிக்கும் மணிக்கட்டுக்கு அது அற்பமில்லை. எட்டாத விரல் கொண்டவரிடம் ‘உன் கைதான் சின்னது’ என்கிறார்கள். ‘கழுத்துதான் நீளம்’ என்று யாரும் சொல்வதில்லை. குறை எப்போதும் உடலின் கணக்கில் எழுதப்படுகிறது.

3

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி ஓடியது. இன்றைய செக் நாட்டிலுள்ள ஷோன்பாக் வயலின் செய்கிற ஊர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஜெர்மன்காரக் கைவினைஞர்கள் பவேரியாவில் புபென்ரொய்த் என்ற கிராமத்தில் குடியேறித் தொழிலை மறுபடி தொடங்கினார்கள். ஹோஃப்னர் குடும்பம் அவர்களில் ஒன்று. வால்டர் ஹோஃப்னர் 1955-56-இல் உருவாக்கிய ‘500/1’ பேஸ், வயலின் மாதிரியே உள்ளீடற்ற உடல் கொண்டது. ஸ்கேல் சுமார் 30 அங்குலம். வயலின் பழகிய கைகள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்தே புதுக் கருவியைச் செய்தன. அகதிகளின் கைவேலை என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

1961-இல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி இதைத்தான் வாங்கினார். ஏன்? ஃபெண்டர் சுமார் 100 பவுன், இது சுமார் 30 பவுன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கூடவே அவர் இடது கைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் உடல் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது. ஸ்கேல் பற்றிய கோட்பாடு எதுவும் இந்தத் தேர்வில் இல்லை. காசும் கையும்தான் தீர்மானித்தன. ‘தேர்வு’ என்ற சொல்லைச் சுதந்திரத்தோடு சேர்த்தே உச்சரிக்கப் பழகிய நமக்கு இது ஒரு பாடம். பெரும்பாலான தேர்வுகள் கைக்கு எட்டியதற்குள் நடக்கின்றன.

அமெரிக்காவிலும் மலிவு ஒரு வழியைத் திறந்தது. நேதன் டேனியல் தமது டேன்எலக்ட்ரோ கருவிகளை மேசனைட் அட்டையில் செய்தார். ஒலிவாங்கிச் சுருளை லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்தார். இந்த அட்டை பேஸ்களை லண்டனில் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசில் தேடி வாங்கியது, அவற்றின் கம்பி கொடுத்த பளீரென்ற ஒலிக்காக. கம்பி அறுந்தால் மாற்றுக் கம்பி கிடைக்காததால் இன்னொரு பேஸையே வாங்க வேண்டியிருந்ததாம். கருவியை உருவாக்குவதும் ஆட்டிப்படைப்பதும் சந்தைதான் என்பதற்கு இதைவிடக் கசப்பான வேடிக்கை வேண்டுமா?

4

1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1966-இல் 30 அங்குல ஸ்கேலில் ‘மஸ்டாங் பேஸ்’ வந்தது. லியோ ஃபெண்டர் அந்தக் கம்பெனிக்காக வடிவமைத்த கடைசி பேஸ் அது. அதை எந்த அலமாரியில் வைத்தார்கள் என்பது முக்கியம்: ‘மாணவர்’ அலமாரி. அதாவது, இன்னும் முழுசாக ஆகாதவர்களுக்கு. பிறகு வளர்ந்து 34-க்கு வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறவர்களுக்கு. இந்த ஒற்றைச் சொல்லில் வயது, வகுப்பு, பால் மூன்றும் ஒளிந்திருக்கின்றன. பையன்களுக்கு, பணம் குறைந்தவர்களுக்கு, பெண்களுக்கு என்று இந்தப் பட்டியல் சொல்லாமலே நீண்டுகொண்டே போனது.

நடந்தது வேறு. ‘டாக்கிங் ஹெட்ஸ்’ குழுவின் டினா வேமத் மஸ்டாங்கில் வாசித்தார், மாணவியாக அல்ல. ‘க்ரீம்’ குழுவின் ஜாக் புரூஸ் கிப்சன் ஈபி-3 என்ற குட்டை பேஸை முன்னணிக் கருவியைப் போல முழங்க வைத்தார். ‘சின்னக் கைக்குச் சின்ன பேஸ்’ என்ற சமன்பாட்டை அடியோடு கவிழ்ப்பவர் ஸ்டான்லி கிளார்க். ஆறடிக்கு மேல் உயரம், டபுள் பேஸில் தேர்ந்தவர். அப்படிப்பட்டவர் மின் பேஸுக்குத் தேர்ந்தது அலெம்பிக் நிறுவனத்தின் குட்டை ஸ்கேல். விரைவும் வளைவும் வேண்டும் என்பதால் எடுத்தார், எட்டவில்லை என்பதால் அல்ல. எதிர்ப்பக்கம் சூசி குவாட்ரோ. உருவத்தில் மிகச் சிறியவர், வாசித்ததோ 1957-ஆம் வருஷத்து பிரிசிஷன். ஆகவே குட்டையைப் பெண்ணின் கருவி, சிறியவரின் கருவி என்று புகழ்வதும்கூட அதே அலமாரிக்குள் அவர்களைத் திருப்பி அனுப்புவதுதான்.

5

இவ்வளவும் சொன்ன பிறகு, நீளம் வெறும் சொல்லாடல்தான் என்ற முடிவுக்குத் தாவுகிறவர்களோடு நாம் உடன்பட முடியாது. பருப்பொருள் என்று ஒன்று இருக்கிறது. அது நம் வாசிப்புகளுக்கு வளைந்துகொடுப்பதில்லை. ஒரே கம்பியை ஒரே சுரத்துக்கு முறுக்கினால், நீளம் 34-இலிருந்து 30-ஆகக் குறையும்போது விறைப்பு சுமார் 22 சதவீதம் குறைகிறது, ஏனென்றால் விறைப்பு நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பேஸின் அடிக்கம்பி நொடிக்கு 41 முறை அதிர வேண்டும். விறைப்பு இல்லாவிட்டால் அது தொளதொளவென்று மெட்டில் அடிபடும்; அழுத்திப் பிடித்தால் சுரம் ஏறிவிடும். ஈடுகட்ட வேண்டுமானால் கம்பியின் எடையைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டும். கனத்த கம்பி விறைத்த கம்பி. மேல்சுரங்கள் மங்கும், குரல் உருண்டுவரும். சிலர் இதைக் குறை என்பார்கள். அந்த உருண்ட குரலுக்காகவே குட்டையைத் தேடுகிறவர்களும் உண்டு.

எனவே தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் பெயர்ப்பலகையில் இல்லை. அடிக்கம்பியைத் திறந்தபடி மீட்டினால் சுரம் நிற்கிறதா, சரிகிறதா? பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தினால் திறந்த சுரத்தின் மேல் ஸ்தாயி சரியாக வருகிறதா? தோளில் மாட்டிக் கையை விட்டால் கழுத்து தரையைப் பார்த்துச் சாய்கிறதா? சாய்ந்தால் இடதுகை வாசிப்பதை விட்டுவிட்டுச் சுமைகூலி வேலை பார்க்கும். கிப்சனின் ஈபி வகையில் இந்தச் சாய்வு பேர்போனது. கனமான பிரடைகளைக் கழற்றி லேசானவற்றைப் போட்டாலே பாதி தீர்ந்துவிடும். அந்தக் கருவிகளின் பழைய குதிரை ஒரே துண்டு. நாலு கம்பிக்கும் தனித்தனியே நீளம் திருத்த வழியில்லை. தனித்தனியாக நகரும் குதிரையாக மாற்றியவர்கள் பலர். கழுத்தோரம் இருக்கும் பெரிய ஒலிவாங்கியின் குரலைச் சேறு என்றே வாசிப்பவர்கள் கேலி செய்தார்கள். அதைக் கழற்றி வேறு பொருத்தினார்கள், அல்லது அந்தச் சேற்றையே தங்கள் குரலாக்கிக்கொண்டார்கள்.

கம்பி விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். 34-க்குச் செய்த கம்பியை 30-இல் போட்டால் அதன் தடித்த பகுதி பிரடையில் சுற்றிக்கொள்ளும். அங்கேயே நைந்து கெடும். மஸ்டாங்கில் கம்பி உடலின் பின்புறத்திலிருந்து ஏறி வருவதால் மற்ற குட்டை பேஸ்களைவிடக் கொஞ்சம் நீளம் வேண்டும். ‘30 அங்குலம்னு போட்டிருக்கே’ என்று வாங்கினால் போதாது. நட்டிலிருந்து கம்பியின் குமிழ்முனை வரை அளந்துகொண்டு போக வேண்டும்.

6

மாற்றியமைப்பவர்களை வரலாறு வாடிக்கையாளர் என்ற பெயரில்தான் பதிந்துவைக்கிறது. ஆனால் 1961-இல் லண்டனில் பில் வைமன் செய்ததைப் பாருங்கள். எட்டு பவுனுக்கு ஒரு பழைய மலிவு பேஸ் வாங்கி, தம் கைக்கு அடங்குமாறு உடலை அறுத்துச் சிறிதாக்கி, தேய்ந்துபோன மெட்டுகளைப் புதிதாகப் போடலாம் என்று பிடுங்கினார். பிடுங்கிய பிறகு கேட்ட குரல் பிடித்துப்போனது, போடவே இல்லை. மெட்டில்லாத மின் பேஸை ஆம்பெக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1966-இல். பட்டறைக்கு ஐந்து வருஷம் முன்னால் ஒரு வீட்டில், வேறெதற்காகவோ தொடங்கிய ரிப்பேரில் அது நடந்துவிட்டது.

சேகரிப்பாளர் சந்தை இதை நேர்எதிராக மதிப்பிடுகிறது. ஒரு திருகாணி மாறினாலும் விலை சரியும். ‘அசல்’ என்பதே அதன் மந்திரம். மூலப்பிரதியின் தூய்மையைக் காப்பாற்றத் துடிக்கும் பண்டிதர்களின் குரல் இது. மெக்கார்ட்னியின் 1961 ஹோஃப்னரின் கதை இந்த மந்திரத்துக்குப் பதில் சொல்கிறது. 1964-இல் அதற்கு மறுவண்ணம் பூசினார்கள். இரண்டு ஒலிவாங்கிகளையும் ஒரே மரச்சட்டத்தில் பொருத்தினார்கள். 1972-இல் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து அது திருடு போனது. அவரிடம் திரும்பி வந்துவிட்டது என்ற செய்தி 2024 பிப்ரவரியில்தான் வெளியானது. தேடியவர்கள் அடையாளமாகச் சொல்லிவந்தவற்றில் அந்த மறுவண்ணமும் மரச்சட்டமும் இருந்தன. பட்டறையிலிருந்து வந்தபடியே இருந்திருந்தால் அது பல ஹோஃப்னர்களில் ஒன்று; மாற்றப்பட்டதால் அது இன்னாருடையது.

குட்டை பேஸ்களை இன்று பெரிய நிறுவனங்களே மறுபடி விரும்பிச் செய்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அலமாரி மாறியதா என்பதைப் பார்க்க வேண்டும். ‘ஆரம்பநிலை’, ‘பயணத்துக்கு’, ‘சிறு கைகளுக்கு’ என்ற சீட்டுகள் தொங்கும்வரை 34 அங்குலம் அதன் நாற்காலியில் அமர்ந்தபடியே இருக்கிறது. கையைக் கழுத்துக்கேற்ப நீட்டுவதா, கழுத்தைக் கைக்கேற்ப அமைப்பதா என்பதை வாசிக்கிறவர் தீர்மானிக்கட்டும். அதற்கு ஒரு அளவுநாடாவும் திருப்புளியும் போதும்.