ஜெட்ஸ் போய் சீஃப்ஸ் வந்த கதை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்ற எஃகு ஆலை ஊர் இருக்கிறது. 2010 வரை அங்கே ‘ஜான்ஸ்டவுன் சீஃப்ஸ்’ என்றொரு ஐஸ் ஹாக்கி அணி இருந்தது. தேசிய ஹாக்கி லீக்குக்கு இரண்டு படி கீழே ஆடிய சிறிய அணி. விலங்கு, பறவை, ஊர்த்தொழில் என்று எதையாவது பிடித்து அணிக்குப் பெயர் வைப்பது அங்கே வழக்கம். இந்த அணிக்குப் பெயர் கிடைத்தது ஒரு சினிமாவிலிருந்து. அந்தச் சினிமாவுக்குக் கதை கிடைத்ததோ இதே ஊரின் முந்தைய அணியிடமிருந்து.

ஊரின் பெயரே கைமாறிய பெயர்தான். பழங்குடிகளான லெனாபே மக்களின் மொழியில் நீர்நாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது ‘கானமா’; அங்கே ஓடும் ஆற்றின் பெயர். தொடக்கத்தில் ஊருக்கும் அதுவே பெயர். 1800இல் ஊருக்கு மனை பிரித்துத் திட்டமிட்டவர் சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய ஜோசப் ஷான்ட்ஸ். ஷான்ட்ஸ் ஆங்கில வாயில் ஜான்ஸ் ஆனது. 1834இல் ஊர் ஜான்ஸ்டவுன் ஆனது. ஆறு மட்டும் பழைய பெயரை விடவில்லை.

1950இல் அங்கே தொடங்கிய அணி ‘ஜான்ஸ்டவுன் ஜெட்ஸ்’. ஜெட் விமானம் புதுமையாக இருந்த காலம் அது. ஆனால் சொல் விமானத்தைவிட மிகப் பழையது. வீசுதல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்து, பீய்ச்சியடிக்கும் நீரைக் குறித்து, பிற்காலத்தில்தான் வாயுவைப் பீய்ச்சிப் பறக்கும் விமானத்துக்கு வந்து சேர்ந்தது. 

ஜெட்ஸில் ஆடிய நெட் டௌட் என்பவரின் சகோதரி நான்சி டௌட், தம்பி ஆடிய அந்த முரட்டு உலகத்தை வைத்து எழுதிய திரைக்கதைதான் ‘ஸ்லாப் ஷாட்’. 1977இல் வெளிவந்தது, நாயகன் பால் நியூமன். ஜான்ஸ்டவுனிலேயே பெரும்பகுதி படமாக்கினார்கள். திரையில் ஊர் ‘சார்லஸ்டவுன்’, அணி ‘சார்லஸ்டவுன் சீஃப்ஸ்’. ஆலை மூடப்போகிறது, 10,000 பேர் வேலையிழக்கப் போகிறார்கள், அணியும் கலையப்போகிறது என்பது கதை.

ஆட்களின் பெயர்களும் அதில் இடம் மாறின. ஜெட்ஸில் ஜாக், ஸ்டீவ், ஜெஃப் என்று மூன்று கார்ல்சன் சகோதரர்கள் ஆடினார்கள். படத்தின் ‘ஹான்சன் சகோதரர்கள்’ அவர்களை வைத்துப் பிறந்தவர்கள். படப்பிடிப்பு நேரத்தில் ஜாக்குக்கு எட்மன்டன் அணியிலிருந்து அழைப்பு வந்துவிட, அவருடைய இடத்தில் நடித்தவர் சக ஆட்டக்காரர் டேவ் ஹான்சன். அந்த நிஜ ஹான்சனின் பட்டப்பெயரான ‘கில்லர்’, படத்தில் டேவ் கார்ல்சன் என்ற வேறொரு பாத்திரத்துக்குப் போயிற்று. ஆக, கார்ல்சன்கள் ஹான்சன் ஆனார்கள்; ஹான்சனின் பட்டம் ஒரு கார்ல்சனுக்குப் போனது. வேண்டுமென்றே விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

படம் வந்த அதே ஆண்டு ஜெட்ஸ் ஆடிய லீக் கலைந்தது. ஜூலையில் வந்த வெள்ளம் ஊரையே புரட்டிப் போட்டது. ஜெட்ஸ் அதோடு முடிந்தது.

1988 ஜனவரியில் ஊருக்குப் புதிய அணி வந்தபோது, 27 ஆண்டு ஆடிய நிஜப் பெயர் திரும்பவில்லை. படத்தில் மட்டுமே இருந்த ‘சீஃப்ஸ்’ வந்தது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் டிக்கெட் விற்க வேண்டியவர்களின் கணக்கு புரிகிறது: ஜெட்ஸை அறிந்தது ஊர், சீஃப்ஸை அறிந்தது நாடு. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஈஸ்ட் கோஸ்ட் ஹாக்கி லீக் ஐந்து அணிகளோடு தொடங்கியபோது சீஃப்ஸும் அதில் ஒன்று. அங்கே அதன் முதல் பயிற்சியாளர், திரையில் ஹான்சனாக வந்த அதே ஸ்டீவ் கார்ல்சன்.

‘சீஃப்’ என்ற சொல்லின் வேர் தலை. லத்தீனில் தலைக்குக் ‘கபுட்’ என்று பெயர். அது பிரெஞ்சில் ‘ஷெஃப்’ ஆகி ஆங்கிலத்தில் ‘சீஃப்’ ஆயிற்று. தலையிலிருந்து தலைவன் நமக்கு வந்த அதே வழி. ஓட்டல் சமையலறையை ஆளும் செஃப்பும், அணியை நடத்தும் கேப்டனும் இந்தக் குடும்பம்தான். அமெரிக்க விளையாட்டில் இச்சொல் பெரும்பாலும் பழங்குடித் தலைவர்களைச் சுட்டும். எப்போதும் நேரடியாக அல்ல: கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பெயர் வந்தது, ‘சீஃப்’ என்று அழைக்கப்பட்ட அந்நகர மேயர் ரோ பார்ட்டிலால். லெனாபே பெயரை 1834இல் கழற்றி வைத்த ஜான்ஸ்டவுனுக்கோ, பழங்குடித் தலைவர்கள் சினிமா வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தார்கள்.

தொடக்க அணிகள் ஐந்தில் ஊரும் பெயரும் மாறாமல் நீண்ட காலம் நின்றது சீஃப்ஸ்தான். படத்தில் நியூமன், அணியை ஃப்ளோரிடாவுக்கு விற்கப்போகிறார்கள் என்று புரளி கிளப்பிவிடுவார். 2010இல் நிஜ அணியும் தெற்கே போனது. ஆனால் தென் கரோலினாவின் கிரீன்வில் நகருக்கு. பெயரை அங்கே எடுத்துச் செல்லவில்லை. ‘ரோட் வாரியர்ஸ்’ ஆகி, 2015இல் ‘ஸ்வாம்ப் ராபிட்ஸ்’, அதாவது சதுப்பு முயல்கள் ஆயிற்று. அது அவ்வூர்ப் பழைய ரயில் பாதை ஒன்றின் செல்லப்பெயர். ஜான்ஸ்டவுனுக்கு 2012இல் இளையோர் அணி ஒன்று வந்தது. அதன் பெயர் ‘டோமஹாக்ஸ்’, பழங்குடியினரின் கைக்கோடரி.