கம்பளிக் கடனும் பைக் ஜாக்கெட்டும்

2014 ஒக்டோபர் 29 மண்சரிவால் வெளியுலகுக்குத் தெரியவந்த மீரியபெத்தயில், ஜாக்கெட் என்றால் சேலைக்குப் போடுவதுதான். மழைக்கும் குளிருக்கும் கம்பளி. துரைமார் காலத்தில் தோட்டங்கள் அதைச் சும்மா கொடுக்கவில்லை. அரிசியைப் போலவே கடனாக எழுதிச் சம்பளத்தில் கழித்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே துண்டு. நனைந்தால் கனக்கும், அதன் மேல்தான் கூடைக் கயிறு. இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற படங்கை மட்டும்தான் பெண்கள் தங்கள் உடம்புக்கு ஏற்ற மாதிரி சுற்றிக்கொண்டார்கள்.

பைக் உடுப்பின் கதையிலும் இதே அளவுப் பிரச்சினைதான். 1916இல் அகஸ்டா, அடலின் வான் பியூரன் சகோதரிகள் இண்டியன் மோட்டார் சைக்கிள்களில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார்கள். தோல் கால்சட்டை ஆண் உடையாம். வழியில் பொலிஸ் பிடித்தது! 1928இல் வந்த புகழ்பெற்ற பெர்ஃபெக்டோ தோல் ஜாக்கெட்டும் ஆண் உடம்புக்கு வெட்டியதுதான்.

இப்ப பெண்களுக்கென்றே ஜாக்கெட் இருக்கிறது. பிங்க் நிறத்தைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். தோளிலும் முழங்கையிலும் உள்ள காப்புப் பட்டைகள் மூட்டின் மேலேயே உட்கார வேண்டும். அண்ணனுடைய தொளதொள ஜாக்கெட்டில் விழுந்தால், பட்டை ஒரு பக்கம், முழங்கை ஒரு பக்கம். ஐரோப்பிய ஈ.என். 17092 தரத்தில் ஏஏஏ மிக உறுதியானது. அன்றாட ஓட்டத்துக்கு ஏஏ நல்ல தெரிவு. கடையிலேயே ஹேண்டில் பிடிக்கிற மாதிரி கையை நீட்டிப் பாருங்கள். கை மணிக்கட்டை விட்டு ஏறினால் வேண்டாம். பெரகலையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்குகிறவர்களுக்கு, உள்ளே மழை புகாத லைனிங்கும் கட்டாயம்.