தம் கட்டுதல்: மும்பைத் தமிழரின் பாட்டும் மூச்சும்

நீண்ட சங்கதியை இடையறாது பாடி முடிக்கும் பாடகரை, 'நன்றாகத் தம் கட்டுகிறார்' என்று தமிழர் பாராட்டுவர். தமிழ்ச்சொல் போலவே ஒலிக்கும் இந்தத் 'தம்' பாரசீகத்திலிருந்து வந்தது. மூச்சு என்பதே அதன் பொருள். மும்பையின் மராத்தி இசைவாணர்களோ அதனோடு வடமொழிவழி வந்த மற்றொரு மூச்சுச் சொல்லையும் கோத்துத் 'தம்சாஸ்' என்பர். இரு வழக்குகளும் மூச்சின் நீளத்தையே வியக்கின்றன. பாடகரின் தொழில் நுட்பமோ பெரிதும் வேறிடத்தில் இருக்கிறது.

1998-இல் 'பிரெத்லெஸ்' வெளிவந்தது. ஜாவேத் அக்தரின் இந்தி வரிகளைப் பாடிய சங்கர் மகாதேவன், செம்பூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், மும்பையில் டி.ஆர். பாலாமணியிடம் இசை பயின்றவர். லால்குடி ஜெயராமனிடம் செல்லுமுன் பம்பாய் ஜெயஸ்ரீ பயின்றதும் அதே ஆசிரியையிடம்தான். ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடலில், மூச்சு வாங்கும் இடம் கேட்பவர் செவிக்குத் தென்படாது. தமிழ்த் திரையில் இதற்கு முன்னோடியும் உண்டு: 1990-இல் வந்த 'கேளடி கண்மணி' படத்தில், இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் மூச்சுவிடாமல் பாடுவதாக அமைந்த பாடல்.

மூன்று நிமிடம் உள்ளிழுக்காமல் பாட எந்த உடலாலும் ஆகாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வாய்வழியாகச் சிறு மிடறுகளாகக் காற்றை இழுப்பது, இழுத்ததை ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் விலாவும் வயிறும் தாங்கிப் பிடிக்க மெல்ல மெல்லச் செலவிடுவது. மேடையில் இதுவே வழி. ஒலிப்பதிவுக் கூடத்தில் துண்டுகளாகப் பாடி இணைக்கவும் இயலும். ஆகவே வியப்புக்குரியது மூச்சில்லாமை அன்று, மூச்சின் மறைவு.

இந்த மறைவிடத்தைத் தேர்வதில் மொழிக்குப் பங்குண்டு. தமிழிலக்கணத்தில் 'பொதுமொழி' என்றொரு வகை இருக்கிறது. 'தாமரை' என்று சேர்த்துச் சொன்னால் பூ. 'தா மரை' என்று பிரித்தால் தாவும் மான். பாடகர் தவறான இடத்தில் மூச்சு வாங்கினால் பூ மானாகிவிடும். பதம் பிரித்துப் பாடுதல் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது அழகுக்காக மட்டுமன்று.

மூச்சு எங்கே செலவாகிறது என்பதையும் இலக்கணம் அறிந்திருந்தது. தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு முதலிய எட்டு இடங்களில் பொருந்தி எழுத்தொலியாவதை விளக்குகிறது. எழுத்தின் கால அளவுக்கோ கண்ணிமையும் கைந்நொடியும்தாம் அளவுகோல், மூச்சு அன்று. அந்த அளவு இசையில் கடந்துபோவதை நூன்மரபு ஒப்புக்கொள்கிறது. அங்கே உயிரெழுத்து நீள்வதற்கு அது ஆளும் சொல் 'உயிர்த்தல்'. மூச்சுவிடுதலுக்கும் அச்சொல்லே பெயர். உயிரை நீட்டுவது மூச்சைச் செலவிடுவது. வல்லினம் அதற்கு இட்ட கதவு.

எனவே உயிர்கள் நீளும் மெதுவான பாட்டே மூச்சுக்குக் கடுஞ்சோதனை. வேகப்பாட்டில் ஒளிந்துகொள்ளச் சொல்லிடைவெளிகள் ஏராளம். சௌக்க காலப் பதத்தில் ஓர் அகாரமே முழு ஆவர்த்தனத்தையும் நிரப்பக்கூடும். வீணை தனம்மாளின் பேத்தியான டி. பிருந்தா அத்தகைய பதங்களுக்குப் பேர்பெற்றவர். அவரிடம் பயின்ற அருணா சாய்ராம் மும்பையில் பிறந்து வளர்ந்தவர். பிற்காலத்தில் யூஜின் ராபைன் என்னும் மேலைக் குரற்பயிற்சியாளரிடமும் அவர் கற்றார். தமிழ் மரபில் 'குரல் வளம்' பிறவிப்பேறாகவே பேசப்பட்டு வந்ததால், பெயர்பெற்ற பின்னும் உடற்பயிற்சியாகக் குரலை ஆராய்ந்த அத்துணிவு குறிப்பிடத்தக்கது.

இதற்குள் ஒலிபெருக்கி நிலைமையை மாற்றியிருந்தது. அது வருமுன் கடைசி வரிசைக்கு எட்டவே கிட்டப்பா போன்றோர் உச்சச் சுருதியில் பாடினர். 1952-இல் தொடங்கிய சண்முகானந்த சபை, மாட்டுங்காவை ஒட்டி எழுப்பிய பேரரங்கை 1963-இல் திறந்தபோது, தள்ளிப் பாடவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் தாழ்ந்த குரலைப் பெருக்கும் கருவி, உள்ளிழுக்கும் மூச்சின் சீறலையும் பெருக்கும்.

அவ்வரங்கிலிருந்து நடக்கும் தொலைவில் தாராவி. 'டோப்டெலிக்ஸ்' என்னும் அவ்வூர் ராப் குழுவின் குரல் 2018-இல் 'காலா' படத்தில் ஒலித்தது. ராப்பில் உயிர் நீள்வது குறைவு. வல்லெழுத்துகள் நெருங்கி மோதும். அங்கே சில வேளைகளில் மூச்சை மறைப்பதே இல்லை. இழுக்கும் ஓசையும் தாளத்தில் ஓர் அடியாக விழுகிறது.