தறி ஓடினால் பணம் நிற்கும்!

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். கால்குலேட்டர் வேண்டாம்.

நீங்கள் கூடுதலாக நூறு ரூபாய் சம்பாதிக்கிறீர்கள். அதில் அரசாங்கம் எவ்வளவு எடுத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்வீர்கள்? பத்து? இருபது? முப்பது என்றாலே முகம் சுளிப்பீர்கள். 1970-களின் தொடக்கத்தில், இந்திரா காந்தி ஆட்சியில், பெரும் பணக்காரர்களின் உச்சபட்ச வருமானத்துக்கு வரி, சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து 97.75 சதவீதம். நூறு ரூபாயில் கையில் மிஞ்சுவது இரண்டேகால் ரூபாய்! இன்றைக்கும் அதைச் சொல்லி வயிறெரிபவர்கள் உண்டு.

ஆனால், நூற்றுக்கு நூறு பிடிக்கிற ஒரு வரி இருக்கிறது. சில சமயம் நூற்றுக்குப் பல ஆயிரம்கூடப் பிடிக்கும். எந்த பட்ஜெட் உரையிலும் அதன் பெயர் வராது. கட்டுகிறவர்களும் பணக்காரர்கள் இல்லை. அரசாங்க உதவித்தொகையை நம்பியிருக்கும் ஏழைகள்.

எப்படி என்கிறீர்களா? திருத்தணி பக்கம் போய்ப் பார்ப்போம்.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் திசையில், ஆந்திர எல்லைக்குக் கிட்டத்தில் அம்மையார்குப்பம். நெசவாளர்களின் ஊர். நெசவு என்பது ஒருவர் செய்கிற வேலை இல்லை. தறியில் உட்காருபவர் ஒருவர் என்றால், பாவு போட, நூல் பிரிக்க, தார் சுற்றத் தனித்தனிக் கைகள் வேண்டும். கண் மங்கிய பாட்டிகூட ராட்டை பக்கத்தில் உட்கார்ந்து நாலு தார் சுற்றிக் கொடுப்பாள். மில் வேலை மாதிரி, 58 வயசில் மாலை போட்டு அனுப்பிவைக்கும் சமாச்சாரமெல்லாம் இங்கே கிடையாது.

இந்த வட்டாரத்துக்கு ஏப்ரல் 1 முக்கியமான தேதி. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போய்விட்டது. ம.பொ.சி. போராடினார். சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சரியாக இரண்டே வருடம் கழித்து, 1962 ஏப்ரல் 1 அன்று, காமராஜர் ஆட்சியில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் ஆரம்பமானது. மாதம் 20 ரூபாய். ஜனங்களின் வாயில் இதற்கு இன்றைக்கும் ஒரே பெயர்தான்: ஓ.ஏ.பி.

20 ரூபாய் படிப்படியாக ஏறியது. 2011-ல் 1,000 ஆனது. 2023-ல் 1,200. தொகை மாறியது. ஆனால், திட்டத்தின் அடிப்படை எண்ணம் நெடுங்காலம் மாறவில்லை. பணம் ஆதரவற்றவர்களுக்கு. அதாவது, தனக்கென்று வருமானமும் இல்லை, தாங்கிப் பிடிக்க ஆளும் இல்லை என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு. 1995-ல் மத்திய அரசு தன் பங்குக்கு 75 ரூபாயோடு முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தபோதும் அதே பேச்சுதான். சொந்த வருமானமோ குடும்ப ஆதரவோ ஒழுங்காக இல்லாதவர், 65 வயது ஆனவர். பிற்பாடுதான் இது வறுமைக்கோட்டுப் பட்டியல், 60 வயது என்று மாறியது.

இப்போது அந்தத் தார் சுற்றும் பாட்டியைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு நாலு நாள் வேலை இருக்கும், இரண்டு நாள் இருக்காது. மாதம் எழுநூறு தேறும். இது வருமானமா, இல்லையா? விசாரிக்க வருகிற அதிகாரி கேட்கிறார்: "பாட்டி, வேலை எதுவும் செய்யறீங்களா?"

பாட்டி என்ன சொல்ல வேண்டும்?

உண்மையைச் சொன்னால், எழுநூறு ரூபாய்க்காக ஆயிரத்து இருநூறு போய்விடுமோ என்ற பயம். "இல்லப்பா, ஒண்ணும் முடியறதில்ல" என்று சொன்னால் பொய். விசாரிக்கிறவருக்கும் தெரியும். நல்ல மனிதராக இருந்தால் கண்டும் காணாமல் போவார். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு விலை வைப்பார். ஆக, பாட்டியின் பிழைப்பு சட்டத்தை நம்பி இல்லை. எதிரில் நிற்கும் மனிதரின் சுபாவத்தை நம்பி இருக்கிறது.

இந்தச் சிக்கல் நம்ம ஊரில் பிறந்தது இல்லை. இருநூறு வருடத்துக்கும் மேலான கதை இது.

1795, இங்கிலாந்து. ரொட்டி விலை எகிறிக் கிடந்தது. பெர்க்‌ஷைர் பகுதி மாஜிஸ்ட்ரேட்டுகள் ஸ்பீன்ஹாம்லேண்ட் என்ற ஊரின் சத்திரத்தில் கூடினார்கள். ரொட்டி விலையை வைத்து ஒரு பட்டியல் போட்டார்கள். ஒரு குறிப்பிட்ட எடையுள்ள ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால், ஓர் ஏழைக்கு வாரம் மூன்று ஷில்லிங் கிடைத்தாக வேண்டும். உழைத்து இரண்டு வந்தால், மீதி ஒன்றை ஊர்ப் பொதுப்பணம் கொடுக்கும்.

அருமையான யோசனை! ஆனால், கணக்கைப் பாருங்கள். இரண்டு ஷில்லிங் சம்பாதிப்பவன் இன்னும் பாடுபட்டு இரண்டரை ஆக்கினால்? உதவி அரையாகக் குறையும். மொத்தம் அதே மூன்று. கூடுதல் உழைப்புக்குக் கிடைத்த பலன் பூஜ்யம். நூற்றுக்கு நூறு வரி! இன்னொரு பக்கம், பண்ணை முதலாளி கூலியைக் குறைத்தாலும் தொழிலாளிக்கு நஷ்டமில்லை, ஊர் ஈடு கட்டிவிடும் என்ற நிலை.

இதனால் ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை எழுதியது. அந்த முடிவை எண்களே தாங்கவில்லை என்று மார்க் பிளாக் என்கிற பொருளாதார அறிஞர் 1963-ல் எழுதியது வேறு கதை. ஆனால், அறிக்கை அன்றைக்கே வேலையைக் காட்டிவிட்டது. 1834-ல் புதிய ஏழைகள் சட்டம் வந்தது. உதவி வேண்டுமா? 'ஒர்க்ஹவுஸ்' எனப்படும் வேலைச்சாலைக்குள் வந்து இரு. உள்ளே இருக்கும் வாழ்க்கை, வெளியே மிக மோசமான கூலிக்கு உழைப்பவனின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் உள்ளத்தில் இருந்த கொள்கை. அப்போதுதான் வேறு வழியே இல்லாதவன் மட்டும் கதவைத் தட்டுவானாம்.

இந்தக் கொள்கை கப்பலேறி நம்மிடமும் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் உலுக்கியது. திருத்தணி வட்டாரம் அப்போது இருந்த வட ஆற்காடு மாவட்டமும் தப்பவில்லை. நிவாரணச் செலவு கட்டுமீறிப் போகிறது என்று கவலைப்பட்ட வைஸ்ராய் லிட்டன், 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிளை இங்கே அனுப்பினார். அவர் நிவாரண வேலைக் கூலியை வெட்டினார். நாள் முழுக்க உடம்பு நோக வேலை. கூலி ஒரு பவுண்ட், அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும். சென்னையின் சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், 'இது உயிரைத் தக்கவைக்கவே போதாது' என்று சண்டை போட்டார். அதே வருடம் கூலியை உயர்த்த வேண்டிவந்தது. சென்னைவாசிகள் தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் பக்கிங்ஹாம் கால்வாயில், அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான்.

இங்கே நெசவாளியின் நிலையை யோசியுங்கள். பஞ்சத்தில் முதலில் நிற்பது துணி வியாபாரம். சோற்றுக்கே வழியில்லாதபோது புதுத் துணி யார் வாங்குவார்கள்? நிவாரணம் வேண்டுமானால் தறியை விட்டுவிட்டு மண் வெட்டவும் கல் உடைக்கவும் போக வேண்டும். கல் உடைத்துக் காய்த்துப்போன விரலில் நூல் சிக்கும், அறும். பஞ்சம் முடிந்து திரும்பி வந்தால் தொழில் கைக்கு வராது. உயிரைக் காப்பாற்றப் போய்ப் பிழைப்பைத் தொலைப்பது!

சென்னை அரசாங்கத்தில் சிலருக்கு இது புரிந்திருந்தது. நெசவாளர்களுக்கு நூல் கொடுத்து, நெய்த துணியை அரசே வாங்கிக்கொள்ளும் முறையும் அந்தப் பஞ்சத்தில் நடந்தது. தறியை நிறுத்தினால்தான் உதவி என்ற நிபந்தனை இல்லை. தறி ஓடினால் உதவி. எவ்வளவு பெரிய வித்தியாசம்!

இதே எண்ணம் நூறு வருடம் கழித்து இன்னொரு உருவில் வந்தது. 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இலவச வேட்டி, சேலைத் திட்டம். பொங்கலுக்கு ஏழைக்குத் துணி, அதற்கு முன்பே நெசவாளிக்கு வேலை. 2006-ல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட், விசைத்தறிக்கு 500 யூனிட் இலவச மின்சாரம் வந்தது. 2016-ல் அது 200, 750 ஆனது. 2023-ல் 300, 1,000. தறி ஓட ஓட இந்த உதவி கூடவே வரும். "ஏன் வேலை செய்தாய்?" என்று கேட்காது.

அதே வீட்டில் பட்டம் படித்த பையன் ஒருவன் இருப்பான், இல்லையா? அவன் கதை நேர்மாறு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருப்பவர்களுக்குத் தமிழக அரசின் உதவித்தொகைத் திட்டம் உண்டு. பல வருடங்களாக இருந்துவரும் கணக்கு இது: பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருடம் வரை. இந்தப் பணம் வாங்குவதால் பதிவு ரத்தாகாது என்று சொல்லிவிடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால், வருடா வருடம் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும்: 'நான் எந்த வேலையிலும் இல்லை, சுயதொழிலும் செய்யவில்லை.' குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

காமர்ஸ் படித்தவனுக்கு இங்கே கை குறுகுறுக்கும். வருமானம் 71,950 என்றால் பட்டதாரிக்கு வருடம் 7,200 உண்டு. அப்பா கூடுதலாக நூறு ரூபாய்க்கு நெய்து 72,050 ஆகிவிட்டால்? 7,200-ம் அம்போ! நூறு ரூபாய்க்கு ஏழாயிரத்து இருநூறு ரூபாய் வரி. அந்தக் காலப் பணக்காரன்கூட 97.75-க்கு மேல் கட்டவில்லை சுவாமி!

பையனின் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. தீபாவளிக்கு ஜவுளிக் கடையில் ஒரு மாதம் ஆள் கூப்பிடுகிறார்கள். போகலாமா? போனால் அனுபவம் கிடைக்கும். ஆனால் உறுதிமொழி பொய்யாகும். தை பிறந்ததும் அந்த வேலை இருக்காது. விட்டுக்கொடுத்த உதவித்தொகை மறுபடி வருமா என்ற பயம் வேறு. 600 ரூபாய்க்காக யாரும் வாழ்நாள் வேலையை உதறமாட்டார்கள். ஆனால், முதல் படியாக வருகிற சின்ன வேலையைத் தயங்கவைக்க அதுவே போதும். ஏழையின் வீட்டில் எல்லா வேலையுமே சின்ன வேலையில்தான் ஆரம்பிக்கிறது.

'தகுதியில்லாதவர்கள் வாங்கிவிடக் கூடாதே?' நியாயமான கேள்விதான். அரசாங்கப் பணம் ஆகாயத்திலிருந்து கொட்டுவதில்லை. ஆனால், எல்லைக்கோடு போடுவது ஒன்று, அதைப் பாறைச் சரிவாக வைப்பது வேறு. சரிவுக்குப் பதில் படிக்கட்டு கட்டலாம். அமெரிக்காவில் 1975-ல் கொண்டுவந்த வருமான வரிச் சலுகையில், குறைந்த கூலிக்காரர் ஓர் அளவு வரை சம்பாதிக்கச் சம்பாதிக்க அரசு உதவியும் ஏறும். அப்புறம்தான் மெதுவாக இறங்கும். ஒர்க்ஹவுஸ் கட்டிய பிரிட்டனே இப்போது, வேலைக்குப் போகிறவர் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவியில் 55 பென்ஸ் மட்டும் குறைக்கிறது. 45 பென்ஸ் அவருக்கு மிச்சம். நம் நாட்டில் 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமும் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. உடலுழைப்புக்கு முன்வந்த கிராமத்துக்காரர் எவருக்கும் வேலை என்றது.

நம் முதியோர் உதவித்தொகைக்கும் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். 'மாதம் இவ்வளவு ரூபாய் வரை சொந்தக் கையால் சம்பாதித்தால், அது கணக்கில் வராது.' அந்த ஒரு வரி பல லட்சம் பேரைப் பொய் சொல்ல வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுவிக்கும். பட்டதாரிப் பையனுக்கு, 'வேலை போனால் மிச்ச மாதங்களுக்குத் திரும்ப வாங்கிக்கொள்' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. "ஓ.ஏ.பி.யும் வாங்கிக்கிட்டு, தாரும் சுத்துது பாரு அந்தக் கிழவி!" என்று யாராவது உங்கள் காதில் போட்டால், ஒரு நிமிடம் நிதானியுங்கள். எழுபது வயதிலும் ராட்டையை விடாத அந்தக் கையில் என்ன குற்றம் இருக்கிறது என்று அவரையே திருப்பிக் கேளுங்கள்.